கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது

"தர்மபுரி போர்வெல் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போய்விடும், டிடிஎஸ் (கரைந்துள்ள மொத்த உப்பு) 300-க்குள் இருந்தால் பயமே இல்லை" என்று ஒருவர் எழுதியிருப்பது இரண்டுமே தவறு. தயவுசெய்து யாரும் இதை நம்பிக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

கொதித்தால் கிருமி சாகும். கரைந்திருக்கும் ஃபுளோரைடு ஆவியாகாது. லிட்டருக்கு 1.4 மில்லிகிராம் உள்ள 10 லிட்டர் நீர் சுண்டி 8 லிட்டரானால், அளவு 1.75 ஆகிவிடும். ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி ஏற்கத்தக்க அளவு 1.0; வேறு நீராதாரமே இல்லையென்றால் மட்டும் 1.5 வரை.

டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். அது 300 காட்டும் நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்தாலும் அதற்குத் தெரியாது.

எட்டு வயதுக்குள் ஃபுளோரைடு மிகுந்த நீரைக் குடித்தால், பல் உருவாகும்போதே கறை விழுந்துவிடும், பிறகு மாறாது. ஆண்டுக்கணக்கில் குடித்தால் மூட்டும் முதுகெலும்பும் இறுகும்.

கேண்டில் ஃபில்டரும் யுவியும் இதற்கு உதவாது. ஆர்ஓ அல்லது ஃபுளோரைடை ஈர்த்துக்கொள்ளும் ஆக்டிவேட்டட் அலுமினா ஃபில்டர் வேண்டும். அலுமினாவைக் குறித்த காலத்தில் புதுப்பிக்காவிட்டால் ஃபுளோரைடு அப்படியே கடந்து வரும். ஒகேனக்கல் குழாய் நீர் வருகிற வீடுகளில் குடிக்க மட்டுமல்ல, சோறு பொங்கவும் அதையே பயன்படுத்துங்கள்.

சந்தேகமிருந்தால் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே நீரில் மூன்று முறை அலசிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியக்கூடும்.