புழுக்கத்துக்குள் புழு இல்லை

இலங்கையின் தேயிலைத் தோட்ட மலையகத்தைச் சேர்ந்த எங்களில் ஒருவர் 'புழுக்கம்' என்ற சொல்லை வைத்து எழுதிய கவிதையின் கீழே, நேற்று ஒரு பெரியவர் அந்தச் சொல்லைக் கேலி செய்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். புழுக்கம் என்பது புழுவிலிருந்து வந்த சொல்லாம். குளிரில் கிடக்கும் மலையகத்தாருக்கு அது எதற்காம். அந்தப் பெரியவரின் கேலிக்குச் சிரிப்புக்குறி இட்டவர்களில் என் நண்பர்களும் இருந்தார்கள்.

புழுக்கம் 'புழுங்கு' என்ற வினையிலிருந்து பிறந்தது. மயங்கு மயக்கமாவதும் தயங்கு தயக்கமாவதும் போலவே, மெல்லினம் வல்லினமாகிப் புழுங்கு புழுக்கமாயிற்று. புழுங்குதல் என்றால் ஆவியில் வேதல். நெல்லை அவித்துக் குற்றினால் புழுங்கல் அரிசி. பொருநராற்றுப்படையில் வெந்த இறைச்சிக்குப் புழுக்கு என்று பெயர். மலையாளத்தில் இன்றும் முட்டையைப் புழுங்குகிறார்கள். இவற்றில் எங்கே ஐயா புழு நெளிகிறது?

'ஈரலிப்பு' என்று எழுதியிருக்கலாமே என்பார்கள். அது சுவருக்கும் காயாத துணிக்கும் உரிய சொல். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால் வியர்வை உலராமல், உடம்பு தன் சூட்டிலேயே வேகிறதே, அதுதான் புழுக்கம்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, குளிரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலையகம் என்பது அந்த ஒரு நகரம் அல்ல. பருவமழைகளுக்கு இடைப்பட்ட பங்குனி, சித்திரையில் காலையெல்லாம் வெயில் காய்ந்து, இலை அசையாமல் நின்று, பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். அந்த இடைவெளியில் தகரக் கூரையின் கீழ், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையான லயத்துக் காம்பராவில் இருந்தவருக்கு அகராதி தேவைப்படாது. "புழுங்குது, வெறகை உள்ளே எடுத்துப் போடு" என்பார் அம்மா. பெரும்பாலும் மழை அவரைப் பொய்யாக்கியதில்லை. குளிர்மழையிலும் பொலித்தீன் படங்கைப் போர்த்திக்கொண்டு கொழுந்தெடுத்துவிட்டு வருவார். மழை படாத இரவிக்கையை வியர்வைக்காகவே பிழிந்து காயப்போட வேண்டியிருக்கும். வெளியே கூதல், உள்ளே புழுக்கம். இதையும் புழுவென்று சொல்வீர்களா?

பிழை இருந்தால் திருத்தட்டும், நான் கோபிக்கவில்லை. ஆனால் மற்றவர்கள் எழுதினால் வட்டார வழக்கு, நாங்கள் எழுதினால் மட்டும் தமிழ் தெரியாமை என்ற கணக்கை யார் போட்டது? இலக்கணமே எங்கள் பக்கம் இருக்கும்போதும் நாங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

மனப்புழுக்கம் என்று இதே வினையில் இன்னொரு சொல் உண்டு. குளிர் தேசத்தில் அதுவும் வருமா என்று பெரியவர் கேட்டால், நேற்றிரவு ஒன்பது மணியிலிருந்து இங்கே அதுதான் என்று சொல்லுங்கள்.