பூச்சி ஊர்கிறது என்றால் முதலில் தோலைப் பாருங்கள்

டிமென்ஷியா வந்தவர் "எனக்குக் குடலே இல்லை, சாப்பிட்டால் எங்கே போகும்?" என்று தட்டைத் தள்ளிவிட்டால், ஒன்று ஸ்கேன் படத்தை நீட்டி வாதாடுவார்கள், அல்லது "மறதிநோய்தானே, அப்படித்தான் உளறுவார்" என்று எழுந்து போய்விடுவார்கள். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் உறுத்துகிறது. வாதாடுகிறவராவது சொன்னதைக் காதில் வாங்கியிருக்கிறார்.

என் பெரியம்மா உடம்பெல்லாம் பூச்சி ஊர்வதாகச் சொல்வார். பிடித்த பூச்சிகளைக் காகிதத்தில் மடித்துத் தலையணைக்கடியில் வைத்திருப்பார். பிரித்தால் தோல் துகளும் நூல் பிசிறும்தான். (இப்படி ஆதாரத்தோடு வருகிறவர்கள் மருத்துவர்களுக்குப் புதிதல்ல. ஸ்வீடன் மருத்துவர் எக்போம் 1938இலேயே இந்த நம்பிக்கையைப் பற்றி எழுதியிருக்கிறார்.) தோல் மருத்துவர் பொட்டலத்தைச் சிரிக்காமல் வாங்கி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு கைகளைப் பார்த்தார். சிரங்கு இல்லை, முதுமையில் வறண்ட தோல், கடும் அரிப்பு. களிம்பு தடவிய பிறகும் பூச்சி இருக்கிறது என்பதில் பெரியம்மா பிடிவாதமாகத்தான் இருந்தார். ஆனால் இரவில் ரத்தம் வரச் சொறிவது நின்றது.

நம்பிக்கை பொய்யாக இருக்கலாம். அதைக் கிளப்பிவிட்ட வேதனை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. வயிற்றில் பாம்பு நெளிகிறது என்பவருக்கு நாள்பட்ட மலச்சிக்கல் இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, சொத்தைப்பல், வைட்டமின் பி12 குறைபாடு என்று பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. உறுப்புகளே இல்லை என்ற எண்ணத்தை 1880இல் பிரெஞ்சு மருத்துவர் ஜூல் கோத்தார் விவரித்தார். கடும் மனச்சோர்விலும் அது வரும், மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு.

எல்லாவற்றுக்கும் இப்படிக் காரணம் அகப்பட்டுவிடாது என்பதும் உண்மை. ஒருவகை டிமென்ஷியாவுக்குக் காரணமாகும் ஒரு மாற்றம் சி9ஓஆர்எஃப்72 என்ற மரபணுவில் 2011இல் கண்டறியப்பட்டது. அந்த மாற்றம் உள்ள சிலருக்கு, மறதி தலைகாட்டும் முன்பே உடலைப் பற்றிய விபரீத எண்ணங்கள் வந்துவிடுகின்றன. வெறும் மனநோய் என்றே காலம் ஓடிவிடும்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு, இப்படிப்பட்ட பிரமைகளை அடக்கத் தரும் புதிய வகை மனநோய் மருந்துகள் (ஆன்டிசைக்காட்டிக்) மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது. மூளைச் செல்களில் 'லூயி உடல்கள்' என்ற புரதத் திரள்கள் சேர்வதால் வரும் லூயி உடல் டிமென்ஷியாவில், ஹாலோபெரிடால் போன்ற பழைய வகை மனநோய் மருந்துகள் உடலை விறைக்கவைத்துப் படுக்கையில் தள்ளிவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். வேறு வழியே இல்லாமல், குறைந்த அளவில், கண்காணிப்போடு மருந்து கொடுக்க வேண்டிய நேரங்கள் உண்டு, மறுக்கவில்லை. எந்த வகை டிமென்ஷியா என்றுகூடக் கேட்காமல் சீட்டை வாங்கி வருகிற பிள்ளைகளைப் பார்த்தால்தான் கோபம் வருகிறது. கேட்காமலே எழுதிக் கொடுப்பவர்கள்மீது அதைவிட.