நேத்து ராத்திரி போட்ட அப்கிரேட்

என் கம்ப்யூட்டர்ல இருந்த பழைய விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிடுச்சு, மாத்துங்க மாத்துங்கன்னு கொசு மாதிரி காதுல கத்திட்டே இருந்துச்சு, சரி தொலையுதுன்னு நேத்து ராத்திரி விண்டோஸ் 11க்கு அப்கிரேட் போட்டேன். 30 சதவீதத்துல நின்னுச்சு பாருங்க, சோறு வடிச்சு சாப்பிட்டு பாத்திரம் கழுவிட்டு வந்தாலும் அதே 30.

காலைல பாத்தா, இத்தனை வருஷமா கண்ணை மூடிட்டு இடது மூலைல க்ளிக் பண்ண ஸ்டார்ட் பட்டன் நடுவுல மாப்பிள்ளை கணக்கா உக்காந்திருக்கு. யாராச்சும் கேட்டாங்களா இதை? ரைட் க்ளிக் பண்ணா பாதி மெனுதான் வருது, மீதிக்கு ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’னு இன்னொரு க்ளிக்காம். நேத்து வரைக்கும் ஒழுங்கா ஓடுன பிரிண்டர் இன்னைக்கு ‘ஆஃப்லைன்’, அது என் கைக்கு ஒரு அடி தூரத்துல பச்சை லைட் எரிய உக்காந்திருக்கு, ஆனா ஆஃப்லைனாம்! ஃபேன் வேற மிக்ஸி மாதிரி அலறுது.

இதுக்கு நடுவுல ‘செட்டப்பை முடிச்சிடலாமா’ன்னு முழு ஸ்கிரீனையும் அடைச்சுக்கிட்டு ஒரு கேள்வி. வேணாம்னு சொல்ல பட்டனே இல்லைங்க. ‘மூணு நாள் கழிச்சு ஞாபகப்படுத்து’ மட்டும்தான் இருக்கு. கடன்காரன்கூட இவ்ளோ கரெக்டா வர மாட்டான்யா!