ஊசியா, அறுவை சிகிச்சையா: காரைக்குடியிலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரரின் கருத்து

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இப்போதெல்லாம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், பந்தி முடிந்து முகப்பில் நாலு பேர் உட்கார்ந்தால் எடை குறைக்கும் ஊசியைப் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. "அதான் ஊசி வந்துருச்சே, இனிமே யாரு போய் வயித்தக் கிழிச்சுக்கப் போறா?" என்று நன்றாகப் படித்தவர்களே சொல்கிறார்கள். மருந்துக்கடை நடத்துகிறவன் என்ற முறையில் அந்த ஊசிகளை நானும் விற்கிறேன். அவற்றின் அருமையும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஊசி வந்துவிட்டதால் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு இனி வேலையில்லை என்ற முடிவு தவறானது என்றும், கடுமையான உடல் பருமனோடு சர்க்கரை நோயும் சேர்ந்து அவதிப்படுகிறவர்களுக்கு அது கெடுதல் செய்யும் என்றும் நான் உறுதியாக நம்புவதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஊசிக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். சாப்பிட்டவுடன் நம் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போலவே, இந்த ஊசிகளில் ஒன்றான செமாக்ளூடைடு வேலை செய்கிறது. இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, மூளைக்குப் 'போதும்' என்ற செய்தி போகிறது, நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே ஓடிக்கொண்டிருக்கும் எண்ணம் அடங்குகிறது. 2021இல் வெளியான ஆய்வில், வாரம் ஒரு முறை 2.4 மில்லிகிராம் வீதம் 68 வாரங்கள் போட்டுக்கொண்டவர்களுக்குச் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு 2.4 சதவீதம்தான் குறைந்தது. இரண்டு ஹார்மோன்களின் வேலையைச் சேர்த்துச் செய்யும் இன்னொரு ஊசியான டிர்செபடைடு, அதன் உச்ச அளவில் 72 வாரங்களில் 20.9 சதவீதம் வரை குறைத்தது. நூறு கிலோ எடையுள்ளவர் எண்பது கிலோவுக்கு வருகிறார் என்றால் அது சாதாரணச் செய்தியல்ல. இதய நோய் உள்ள, ஆனால் சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேரிடம் செமாக்ளூடைடைச் சோதித்தபோது, மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவை சேர்ந்த ஆபத்து 20 சதவீதம் குறைந்ததும் 2023இல் தெரியவந்தது. இதற்கு முன் வந்துபோன எடைக் குறைப்பு மாத்திரைகள் எவையும் இவற்றுக்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஊசியைத் தொடர்ந்து போட்டுக்கொண்டிருப்பவர்களைப் பற்றியது. அதே செமாக்ளூடைடு ஆய்வில் மருந்தை நிறுத்தியவர்களை மேலும் ஓராண்டு கவனித்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் கிடைத்த நன்மையும் பெருமளவு கரைந்துபோனது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதைப் போலத்தான் இதுவும். அதில் நோயாளியின் குற்றமோ மருந்தின் குற்றமோ எதுவும் இல்லை. உடல் பருமன் நாள்பட்ட நோய் என்பதால் அதற்கான மருந்தும் நாள்பட்டதாகவே இருக்கிறது. "மூணு மாசம் போட்டு உடம்பக் குறைச்சுக்கிட்டு நிறுத்திருவோம் தம்பி" என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்லும்போதெல்லாம் இதைத்தான் நான் பொறுமையாக எடுத்துச் சொல்கிறேன்.

அறுவை சிகிச்சையை 'வயிற்றைக் கிழிப்பது' என்று சொல்வதே அதன் மீது நமக்குள்ள அச்சத்தைக் காட்டுகிறது. இன்று அது பெரும்பாலும் சில சிறு துளைகள் வழியாக லேப்ராஸ்கோப்பி முறையில் நடக்கிறது. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீக்கி, மீதியை வாழைப்பழ அளவுக்கு ஒரு குழாயாக ஆக்கிவிடுகிறார்கள். பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பையை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேராக இணைக்கிறார்கள். வயிறு சிறுத்துவிட்டதால் மட்டும்தான் எடை குறைகிறது என்று பலர் எண்ணுகிறார்கள், அது பாதி உண்மைதான். பைபாஸுக்குப் பிறகு உணவு சிறுகுடலின் கடைப்பகுதிக்கு விரைவில் போய்ச் சேர்வதால், மேலே சொன்ன அதே ஜிஎல்பி-1 உடலிலேயே பல மடங்கு சுரக்கிறது. ஸ்லீவில் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் சுரக்கும் பகுதியே பெருமளவு போய்விடுகிறது. ஆக, எதிரெதிர்க் கட்சிகளாக நாம் பேசிக்கொண்டிருக்கும் ஊசியும் அறுவை சிகிச்சையும் உடலுக்குள் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. ஒன்று வாரந்தோறும் வெளியிலிருந்து தட்டுகிறது, மற்றது உள்ளேயே நிலையான ஏற்பாட்டைச் செய்துவிடுகிறது.

அறுவை சிகிச்சையின் பக்கம் நீண்ட காலச் சான்று இருக்கிறது என்பதே என் வாதத்தின் மையம். ஸ்வீடனில் 1987இல் தொடங்கி, அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,010 பேரையும் செய்துகொள்ளாத 2,037 பேரையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். வயது முதலிய வேறுபாடுகளைச் சரிசெய்து பார்த்தபோது, அறுவை சிகிச்சை பெற்றவர்களிடம் மரண ஆபத்து 29 சதவீதம் குறைவாக இருந்தது. சர்க்கரை நோயாளிகள் 150 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வின் ஐந்தாண்டு முடிவில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை 6 சதவீதத்துக்குள் கொண்டுவர முடிந்தவர்கள், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம், ஸ்லீவ் செய்தவர்களில் 23 சதவீதம், பைபாஸ் செய்தவர்களில் 29 சதவீதம். 2025இல் கிளீவ்லண்ட் கிளினிக் மருத்துவர்கள், உடல் பருமனும் சர்க்கரை நோயும் உள்ளவர்களின் பத்தாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து, ஜிஎல்பி-1 மருந்து எடுத்தவர்களை விட அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்கு மரண ஆபத்து 32 சதவீதம் குறைவு என்று வெளியிட்டார்கள். அதில் பழைய, வீரியம் குறைந்த ஊசிகளைப் போட்டவர்களும் அடக்கம் என்பதால், இன்றைய டிர்செபடைடோடு நேரடியாக ஒப்பிட்ட கணக்காக அதைக் கொள்ளக் கூடாது. இருந்தாலும், பத்தாண்டு, இருபதாண்டு கழித்து என்ன ஆகும் என்ற கேள்விக்குப் புதிய ஊசிகளிடம் இன்னும் பதில் இல்லை, அறுவை சிகிச்சையிடம் இருக்கிறது.

அதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. என் பெரியம்மா மகள் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் மதுரையில் ஸ்லீவ் செய்துகொண்டார். விசேஷ வீட்டில் அவர் சாப்பிடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் அது எப்படிப்பட்ட வாழ்க்கை என்று புரியும். ஒரே ஒரு வெள்ளைப் பணியாரத்தை நாலாகப் பிய்த்து, ஒவ்வொரு துண்டையும் கூழாகும் வரை மென்று, சாப்பாட்டோடு ஒரு வாய்த் தண்ணீரும் குடிக்காமல் அரை மணி நேரம் காத்திருக்கிறார். "என்னக்கா, இம்புட்டுத்தானா?" என்று பரிமாறுகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்; அவர் சிரித்துக்கொண்டே இலையைக் கையால் மறைப்பார். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும்; ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஸ்லீவ் செய்தவர்களில் சிலருக்கு நெஞ்செரிச்சல் கூடுகிறது. பைபாஸ் செய்தவர்கள் இனிப்பைக் கூடுதலாகச் சாப்பிட்டால் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வரலாம். இரண்டிலும் சில ஆண்டுகள் கழித்து ஓரளவு எடை திரும்புவது உண்டு. தையலில் கசிவு, ரத்தப்போக்கு போன்ற சிக்கல்கள் அரிதானவை, ஆனால் இல்லாதவை அல்ல. இவ்வளவையும் தாண்டி, நாளுக்கு இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த அக்கா இன்று இன்சுலின் இல்லாமல் இருக்கிறார். குன்றக்குடி மலைப்படியை நின்று நிதானித்தாவது ஏறிவிடுகிறார்.

ஊசியிலும் குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பலருக்கு வருகின்றன. பித்தப்பைக் கல்லும், அரிதாகக் கணைய அழற்சியும் வரலாம். மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் போடவே கூடாது. இரண்டு வழிகளிலுமே கொழுப்போடு தசையும் கரைகிறது என்பதை நம் ஊரில் யாரும் கவனிப்பதில்லை. பசி அடங்கிவிட்டதால் காலையில் ஒரு காபி, மதியம் இரண்டு கவளம் ரசம் சாதம் என்று நாளை ஓட்டுகிறவர்களை நான் பார்க்கிறேன். முட்டை, மீன், பருப்பு, பச்சைப்பயறு என்று புரதத்தை முதலில் சாப்பிட்டு, தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் செய்யாவிட்டால், எடை இறங்கும். ஆனால் நாற்காலியிலிருந்து எழக் கையூன்ற வேண்டியிருக்கும்.

பணக் கணக்கையும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். 2025 மார்ச்சில் டிர்செபடைடு, மவுன்ஜாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய். வாரம் ஒன்று என்றால் மாதம் 14,000 முதல் 17,500 வரை ஆனது. அந்த விலையில் இரண்டு ஆண்டு ஊசிச் செலவு தனியார் மருத்துவமனை அறுவை சிகிச்சைச் செலவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். அதற்குப் பிறகும் ஊசி தொடரும். செமாக்ளூடைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான் என்பதால் விலை இறங்க வழி பிறக்கிறது, அதை நான் மனதார வரவேற்கிறேன். விலை இறங்க இறங்க, சீட்டில்லாமல் கேட்டு வருகிற கூட்டமும் பெருகும் என்பதுதான் என் கவலை. கல்யாணத்துக்கு ஐந்து கிலோ குறைக்க வேண்டும் என்று மருத்துவரின் சீட்டில்லாமல் வருகிறவர்களுக்கு நான் கொடுப்பதில்லை, அதனால் மனத்தாங்கல் ஏற்பட்டாலும் சரி. 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டிய மருந்தை, சென்னையில் யாரோ வாங்கிக் கைப்பையில் போட்டுப் பேருந்தில் அனுப்பிவைத்த கதையும் எனக்குத் தெரியும். வந்து சேர்ந்தபோது ஐஸ் பை வெந்நீராகியிருந்தது.

ஆகவே யாருக்கு எது என்பதுதான் கேள்வி. நம்மவர்களுக்கு வயிற்றுக் கொழுப்பு குறைந்த எடையிலேயே சேர்ந்துவிடுவதால், உடல் நிறைக் குறியெண் (பிஎம்ஐ; கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 25ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்று இந்தியாவில் கொள்கிறார்கள். 30ஐ ஒட்டிய நிலையில் உள்ளவர்களுக்கு உணவு, நடை ஆகியவற்றோடு ஊசி நல்ல துணை. 37.5ஐத் தாண்டியவர்களும், சர்க்கரை போன்ற துணைநோய்களோடு 32.5ஐத் தாண்டியவர்களும் ஊசியைத் தொடங்குவதற்கு முன்போ தொடங்கிய பிறகோ ஓர் அறுவை சிகிச்சை நிபுணரையும் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பார்த்துவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்தால் அது அறிந்து எடுத்த முடிவு. அறுவை சிகிச்சைக்கு முன் எடையைச் சற்று இறக்கவும், பின்னர் எடை திரும்பினால் கட்டுப்படுத்தவும் அதே ஊசியை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். எந்த அறுவை சிகிச்சையானாலும், மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் இந்த ஊசி போடுவதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இரைப்பையில் உணவு தங்கியிருந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு.

காப்பீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ ஆணையம் வகுத்த விதிப்படி, காப்பீட்டில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடைக்கக் குறியெண் 40 இருக்க வேண்டும், அல்லது கட்டுக்கடங்காத சர்க்கரை, கடுமையான உறக்க மூச்சுத்தடை போன்றவற்றோடு 35 இருக்க வேண்டும். ஐந்தேகால் அடி உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு இதைக் கிலோவில் போட்டுப் பாருங்கள். துணைநோய் இருந்தால் ஏறத்தாழ 83 கிலோவிலேயே அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்று இந்திய மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. காப்பீடோ அவர் 90 கிலோவை நெருங்கினால்தான் கை கொடுக்கிறது. இன்சுலின் அளவு ஏறிக்கொண்டே போகிற ஒருவரை இன்னும் ஆறேழு கிலோ கூடிவிட்டு வரச் சொல்லும் இந்த விதியை, நம் உடல்வாகுக்கு ஏற்ற 32.5, 37.5 என்ற அளவுகளுக்கு மாற்றித் தர வேண்டும் என்று மருத்துவர் சங்கங்களும் நாமும் சேர்ந்து கேட்க வேண்டும்.