கை தூக்குவது கடைசி வேலைதான்

மலேசிய ஊராட்சி மன்றக் கூட்டத்தில் எல்லாத் தீர்மானமும் சில நிமிடங்களில் நிறைவேறிவிடுகிறது, உறுப்பினர்கள் தலையாட்டி பொம்மைகள் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். பாதிதான் சரி. பினாங்கில் ஒருமுறை பார்வையாளர் இருக்கையில் போய் உட்கார்ந்தேன். ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் "சோக்கோங்" (மலாயில் 'ஆதரிக்கிறேன்') என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பக்கம் புரண்டுவிட்டது. காரணம் இருக்கிறது. வாதமெல்லாம் அதற்கு முன்பே, உறுப்பினர்கள் சிலர் மட்டும் கூடும் செயற்குழுக்களில் முடிந்துவிடும். 1976 ஊராட்சி மன்றச் சட்டத்தின் 23-ஆம் பிரிவைப் பாருங்கள்: முழு மன்றக் கூட்டத்துக்குப் பொதுமக்கள் போகலாம், செயற்குழுவுக்கோ அந்தக் குழுவே தீர்மானித்தால்தான் கதவு திறக்கும். இரவுச் சந்தைக்கு இடம், கடை உரிமம், லோங்காங் (சாக்கடை) மூடி எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால்தான்.

எங்கள் வீட்டருகே லோங்காங் மூடி உடைந்தபோது, யாரும் விழக்கூடாதென்று கால் ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலியை அதன்மேல் கவிழ்த்து வைத்தோம். புது மூடி வருவதற்குள் நாற்காலி வெளுத்துவிட்டது!

1951-லேயே பினாங்கின் ஜார்ஜ்டவுனில் வாக்களித்து மன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1965-இல் அந்தத் தேர்தல் நின்றது. இப்போது மன்றத்துக்கு 24 பேர் வரை மாநில அரசே நியமிக்கிறது. சரி, தேர்தல் வரும்போது வரட்டும். அதுவரை செயற்குழுக் குறிப்புகளையாவது இணையத்தில் போடலாமே?