டயரில் பட்டன் இருந்தால் மட்டும் போதாதுங்க
‘பட்டன் (டயர் மேல் ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள்) தேயும் வரை டயரை மாற்ற வேண்டியதில்லை’ என்று பைக் டயர் பற்றிய இந்தக் கட்டுரையில் இருப்பதை அப்படியே ஏற்க முடியாதுங்க. கோபி பக்கம் சித்தப்பாவின் தோட்டத்துச் சாளை வீட்டில் வருடக்கணக்காக வெயில் பட நின்ற பைக்கில் பட்டன் புதுசாகவே இருந்தது, ஆனால் ஓரத்தில் முடி மாதிரி வெடிப்பு, ரப்பரை நகத்தால் அழுத்தினால் பதியவே இல்லை. பண்ணாரி தாண்டித் திம்பம் மலைப்பாதையில் ஏறும்போது தூறல் பிடித்ததும் கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரம் வழுக்கிவிட்டது, நல்லவேளை வேகம் இல்லை. டயரின் வயசு தெரிய, அதன் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-வது வாரத்தில் தயாரானது, கடையில் புதுசு வாங்கும்போதே அதைப் பார்த்துவிடுங்கள். மேலே கருத்துச் சொன்ன ஒருவர் கிரிப்புக்காகக் காற்றைக் குறைத்து ஓட்டுவதாக எழுதியிருக்கிறார். மணலில் சரி, தார் ரோட்டில் டயர் அதிகமாக மடங்கிச் சூடேறி ஓரமெல்லாம் சீக்கிரம் தேய்ந்துபோகும், காற்றையும் வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பே பார்க்க வேண்டும். அப்புறம், சேலம்–கோவை நெடுஞ்சாலையிலேயே நேராக ஓடும் வண்டிக்கு டயரின் நடுப்பகுதி மட்டும் தட்டையாகிவிடும், அந்த டயரோடு வால்பாறை ஏறினால் ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாயவே அடம்பிடிக்கும், இதைக் கட்டுரை தொடவே இல்லை.