ஒன்று நான் ஓட்டுகிறேன், இல்லை அது ஓட்டட்டும்

தானாக ஓடும் கார் என்று பேச்செடுத்தாலே இரண்டு கட்சி. "மனுஷன் ஓட்டுவதால்தான் விபத்து, இயந்திரத்திடம் கொடு" என்று ஒரு தரப்பு. "ஓட்டுகிற சுகத்தைப் பிடுங்க வருகிறார்கள்" என்று இன்னொரு தரப்பு. எனக்குக் கார் ஓட்டுவது உயிர். வளைவுக்கு முன்னால் கியரைக் குறைத்து, நினைத்த கோட்டில் வண்டி திரும்பும்போது வருகிற நிறைவு வேறெதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனாலும் இரண்டாவது தரப்போடு சேர மனம் வரவில்லை.

உலகச் சுகாதார நிறுவனக் கணக்கின்படி 2021இல் சாலையில் இறந்தவர்கள் சுமார் 11.9 லட்சம் பேர். இதற்கு எதிரே என் சுகத்தை ஒரு வாதமாக எப்படி வைப்பது? கண் தெரியாதவர்களும் ஸ்டியரிங் பிடிக்க முடியாத முதியவர்களும் யார் தயவும் இல்லாமல் போய்வர வழி பிறக்கும் என்றால், தாராளமாக வரட்டும்.

என் கோபமெல்லாம் பாதி வேலை மட்டும் பார்க்கிற கார்கள் மேல்தான். கார் தானாக எவ்வளவு ஓட்டும் என்பதை எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு நிலை நிலையாகப் பிரித்திருக்கிறது; அதில் இது இரண்டாம் நிலை. ஸ்டியரிங், பிரேக், ஆக்சிலரேட்டர் மூன்றையும் கார் பார்த்துக்கொள்ளும். ஆனால் ரோட்டிலிருந்து நம் கண் அகலக் கூடாது. ஓட்டும் சுகமும் போச்சு, ஓய்வும் இல்லை. நம்மைக் காவல்காரன் ஆக்கிவிட்டார்கள்.

அந்தக் காவல் வேலை மனித மூளைக்கு ஒத்துவராது. லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983லேயே இதை எழுதிவிட்டார்: எதுவும் நடக்காத ஒன்றை மணிக்கணக்கில் உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்க மனிதரால் முடியாது. 2018இல் அமெரிக்காவின் டெம்பி நகரில் ஊபரின் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த பெண்ணை மோதிக் கொன்றது. மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே சென்சார்கள் அவரைக் கண்டுவிட்டன. மென்பொருள்தான் அவர் வண்டியா, சைக்கிளா என்று மாறி மாறிக் குழம்பியது. கண்காணிக்க உட்கார்ந்திருந்தவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் செய்தது தப்புதான். ஆனால் அப்படி ஒரு வேலையை உண்டாக்கியவர்களையும் கேட்க வேண்டாமா?

அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2025இல் நடத்திய கணிப்பில் பத்தில் ஆறு ஓட்டுநர்கள், தானாக ஓடும் காரில் ஏறப் பயம் என்றார்கள். அந்தப் பயத்தைக் கேலி செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். பாதி வேலைக் காருக்கு முழுவேலைக் காரின் பெயரை வைத்து விற்றால் மக்கள் எதை நம்புவார்கள்?

மூன்றாம் நிலையில் எல்லை கொஞ்சம் தெளிவு. மெர்சிடிஸ் 2022இல் ஜெர்மனியில் இதைக் கொண்டுவந்தபோது, நெரிசலில் 60 கிலோமீட்டர் வேகம் வரை கார் தானே ஓட்டும், நாம் கண்ணை எடுக்கலாம், அழைத்தால் மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று வைத்தார்கள். எனக்கு இது சம்மதம். நெரிசலில் ஊர்வதில் சுகம் எங்கே இருக்கிறது? அதைக் கார் எடுத்துக்கொள்ளட்டும். இயந்திரம் நம்மைவிடப் பத்திரமாக ஓட்டுகிறது என்று நிரூபணமானால் நகரத் தெருக்களையும் கொடுத்துவிடுவேன். மலைப்பாதையும் கியர் வண்டியும் மட்டும் எனக்கு வேண்டும்.